லினக்ஸ் போட்ட பிறகு வைஃபை வரவில்லை என்றால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று போன ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், அதனால் நன்றாக ஓடுகிற லேப்டாப்பைக்கூட மூலையில் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தது அத்தனையும் சரி. ஆனால் பென்டிரைவில் ஏற்றி இன்ஸ்டால் கொடுத்தால் வேலை முடிந்தது என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. முடியவில்லை என்றால் என்ன செய்வது என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை, அங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் காசை விடுகிறார்கள்.

நான் அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பெண் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், அப்பா தறி ஓட்டுகிறார். அவளுடைய 4 ஜிபி ராம் லேப்டாப்பில் யாரோ சொல்லி லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறாள். எல்லாம் ஏறிவிட்டது, வைஃபை மட்டும் இல்லை. ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தால் மூன்று முறை பார்மட் அடித்து, மூன்று முறையும் பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் "வைஃபை கார்டு போயிருச்சு, லினக்ஸ் எல்லாம் இதுக்கு ஒத்துவராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. முந்தின வாரம் வரை விண்டோஸில் அதே கார்டுதானே வேலை செய்தது?

கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ (lspci) என்று அடித்தோம். உள்ளே இருக்கிற சிப்களை வரிசையாகக் காட்டும் கட்டளை அது, அதில் வைஃபை சிப் தன் பெயர், எண்ணோடு தெளிவாக வந்து நின்றது. ஆக, லேப்டாப்புக்கு அது தெரிகிறது, அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை. பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வந்துவிடும், சில பழைய வைஃபை சிப்களுக்கு மட்டும் தனியாக ஏற்ற வேண்டும். சரி, நெட் இல்லாமல் எப்படி இறக்குவது என்று அந்தப் பெண் கேட்டாள். போனை சார்ஜர் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போன் நெட் அப்படியே லேப்டாப்புக்கு வந்துவிடும். அப்புறம் மின்டிலேயே இருக்கும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே எந்த டிரைவர் என்று காட்டியது.

ஏற்றிய பிறகும் வைஃபை வரவில்லை! என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். டிரைவர் ஏறும்போது பாஸ்வேர்டு ஒன்று வைக்கச் சொன்னதாம், வைத்தாளாம். ரீஸ்டார்ட் ஆனபோது நீலத் திரை வந்ததாம், லேப்டாப் போய்விட்டது என்று பயந்து பவர் பட்டனை அமுக்கி அணைத்துவிட்டாளாம். அந்த நீலத் திரைதான் விஷயமே. நம்பகமான கையொப்பம் இல்லாத மென்பொருளை ஓடவிடாத செக்யூர் பூட் ஆனில் இருந்தால், வெளியிலிருந்து வந்த டிரைவரை அனுமதிக்கட்டுமா என்று லேப்டாப் ஒரே ஒரு முறை கேட்கும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அமுக்கி, என்ரோல் எம்ஓகே (Enroll MOK) என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டிரைவர் உள்ளே இருந்தும் ஓடாது. டெர்மினலில் டிரைவரை ஓடவைக்கும் மோட்ப்ரோப் (modprobe) கட்டளை கொடுத்துப் பார்த்தபோது "கீ வாஸ் ரிஜெக்டட்" என்று அதுவே சொன்னது. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றி, இந்த முறை அந்தத் திரையில் பாஸ்வேர்டைக் கொடுத்தோம். மேசைக்குக் கீழே இருக்கிற என் கடை ரூட்டரின் பெயர் திரையில் வந்ததும் அவள் "மாமா, வந்துருச்சு" என்று கத்திவிட்டாள்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டாலும் இது சரியாகும் என்பார்கள், உண்மைதான். ஆனால் விண்டோஸும் கூடவே இருந்து அதில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அணைத்ததும் அது பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீ கேட்கலாம். அதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளாமல் செக்யூர் பூட்டை அணைக்கும் இடமான பயாஸ் செட்டிங்கில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்றும் கட்டுரையில் விட்டுப்போய்விட்டது. லினக்ஸ் மின்டை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, கேமரா, டச்பேட் நான்கையும் அப்போதே சோதித்துவிட்டால் எதற்கு டிரைவர் தேட வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். டவுன்லோடு பாதியில் அறுந்த பைலை வைத்து இன்ஸ்டால் செய்துவிட்டு லினக்ஸைக் குறை சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், பைல் முழுசாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ 256 எண்ணை, தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

இதையெல்லாம் இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தமிழில் யாராவது இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் மூன்று பார்மட்டுக்குக் காசு போயிருக்காது. உங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு கோளாறாக எடுத்து, திரையில் வரும் படத்தையும் போட்டு எழுதச் சொல்லுங்கள். நீலத் திரையிலிருந்தே தொடங்கலாம், அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
அருப்புக்கோட்டை