செல்வத்துக்கு, அந்த பேட்ச் விஷயமாக

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் மாடி வீடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. கைப்பிடிச் சுவர் மட்டும் பாக்கி. தீபாவளிக்கு ஊருக்குப் போன மேஸ்திரி இன்னும் திரும்பவில்லை.

சரி, அந்த ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுக்கு (நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவைத்தது) நீ அனுப்பிய பேட்ச், அதாவது நிரல் திருத்தம், விஷயத்துக்கு வருகிறேன். "சும்மா உழைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள், இது என்ன இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா" என்று கேட்டிருக்கிறாய். அதைப் பார்த்துக்கொள்கிற மெயின்டெய்னர் மாதக்கணக்கில் பதில் போடாமல் கிடப்பில் வைத்துவிட்டு, கடைசியில் ஒரே வரியில் மூடியது எனக்கும் பிடிக்கவில்லை. வேண்டாம் என்றால் முதல் வாரமே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அனுப்பியதைப் பிரித்துப் படித்தேன். ஒரு சின்ன பக்கை, அதாவது நிரல் கோளாறை, சரிசெய்யப் போனவன், அமைப்பு விவரங்கள் உள்ள கான்ஃபிக் கோப்பைப் படிக்கிற பகுதி முழுவதையும் புதிதாக எழுதி வைத்திருக்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சேர்த்துக்கொள்கிற நாளிலிருந்து அது அந்த மெயின்டெய்னர் தலையில். அடுத்த வருஷம் யாரோ ஒருவருடைய பழைய சர்வரில் அது மக்கர் செய்தால் நீ அங்கே இருப்பாயா? அதற்குள் உன் ஆபீஸில் உன்னை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றியிருப்பார்கள்.

கான் கோலிவாஸை நினைவிருக்கிறதா? ஐஐடியில் நடந்த லினக்ஸ் குழுக் கூட்டங்களுக்கு நாம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நீதான் அவருடைய சிகே பேட்சைப் போட்டு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை கம்பைல் செய்து (நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றி) வைத்திருந்தாய். பின்னணியில் பெரிய கம்பைல் ஓடும்போதும் பாட்டு விக்காமல் ஓடுவதை எனக்குப் போட்டுக் காட்டினாய். அவர் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து நிபுணர். கம்ப்யூட்டர் படித்தவரே இல்லை. கெர்னலுக்காகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டவர். கெர்னல்காரர்கள் பெரிய சர்வர்களையே பார்க்கிறார்கள், வீட்டில் சாதாரண கம்ப்யூட்டர் வைத்திருப்பவனை யாரும் கவனிப்பதில்லை என்பது அவர் குறை. எந்த வேலைக்கு எப்போது சிபியூ கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஷெட்யூலரை அவர் 2007 மார்ச்சில் புதிதாக எழுதிக் கொடுத்தார். எல்லா வேலைக்கும் நியாயமான பங்கு என்பதுதான் அதன் அடிப்படை. கெர்னலில் சேர்ந்துவிடும் என்றே பலரும் நினைத்தோம்.

ஏப்ரலில் இங்கோ மோல்னார் சிஎஃப்எஸ் என்ற வேறொரு ஷெட்யூலரை எழுதி வெளியிட்டார். கெர்னலில் அதுவரை இருந்த ஷெட்யூலரை எழுதியவரும் அவர்தான். நியாயப் பங்கு முறை சாத்தியம் என்று நிரூபித்தவர் கோலிவாஸ்தான் என்று அந்த அறிவிப்பிலேயே பெயர் சொல்லி நன்றி எழுதியிருந்தார். ஆனால் உள்ளே போனது மோல்னாரின் சிஎஃப்எஸ். அது கெர்னலின் 2.6.23 பதிப்பில் சேர்ந்து 2023 வரை நிலைத்தது. கோலிவாஸ் ஜூலையிலேயே கெர்னல் வேலையை விட்டு விலகிவிட்டார். நீ அன்றைக்குக் கொதித்த கொதிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது சொன்ன காரணத்தை நாம் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு எந்த நிரல் நல்லது என்பது மட்டும் முக்கியமாக இல்லை. என் கம்ப்யூட்டரில் இது சரியாக ஓடவில்லை என்று வந்து சொல்கிறவர்களோடு சேர்ந்து கோளாறைத் தேடாமல் கோலிவாஸ் வாதாடுகிறார், அவரை நம்பி இதை ஒப்படைக்க முடியாது என்றார். இப்போது படித்தால் அதில் பாதி சரி என்றே தோன்றுகிறது. மீதிப் பாதி உறுத்துகிறது. வெளியாள் வருஷக்கணக்கில் சொன்னபோது அசையாத கதவு, உள்ளாள் சில நாளில் எழுதியதற்கு உடனே திறந்ததே! பெயர் போட்டு நன்றி சொன்னால் சரியாகிவிடுமா? அந்த மனுஷனையே கூப்பிட்டு உட்காரவைத்துச் செய்திருக்கலாம்.

அப்புறம், ஆளைப் பார்த்து நம்பு என்பதும் எப்போதும் கைகொடுக்காது. 2024இல் எக்ஸ்இசட் விவகாரம் வெளியே வந்ததே, அதில் நடந்தது இதற்கு நேர் எதிர். கோப்புகளைச் சுருக்குகிற அந்தக் கருவியை பின்லாந்தில் லாசெ காலின் என்ற ஒருவர் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் வரிசையாகக் கடுதாசி: பேட்ச் ஏன் இன்னும் சேரவில்லை, முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. அப்படி நச்சரித்தவர்களில் ஒருவர் பெயர் ஜிகர் குமார். (நம்ம பக்கத்துப் பெயராக இருக்கிறதே என்று பார்க்காதே, பொய்ப்பெயர் என்றே எல்லோரும் நம்புகிறார்கள்.) தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று காலின் பதில் எழுதினார். படித்தால் நெஞ்சு கனக்கும். கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் பொறுமையாக, மரியாதையாக, கேட்டதையெல்லாம் செய்துகொண்டிருந்த ஒருவரை இணை மெயின்டெய்னராகச் சேர்த்துக்கொண்டார். லினஸ் எதிர்பார்த்த குணம் அத்தனையும் அந்த ஆளிடம் இருந்தது. 2024 பிப்ரவரியில் 5.6.0 வெளியீட்டுக்குள் திருட்டு வழி வைத்ததும் அதே ஆள்தான். தூரத்து சர்வருக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் துருவிப் பார்க்காமல் இருந்திருந்தால், உலகத்து சர்வர்களில் பாதி இன்று யார் கையில் இருந்திருக்கும் என்று தெரியாது.

அதனால்தான், நீ கேட்பது போல "முடியாவிட்டால் இடத்தைக் காலி செய்யட்டும்" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. யாருக்குக் காலி செய்வது? காலின் அவசரப்படாமல் இன்னும் இரண்டு வருஷம் பேட்ச்களைத் தேங்கவிட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது. தேங்குவதில் பாதி குப்பை வேறு. 2020 அக்டோபரில் நாலு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஒரு கம்பெனி அறிவித்ததும், முகப்புக் கோப்பில் "அருமையான ப்ராஜெக்ட்" என்று ஒரு வரி சேர்த்து ஆயிரக்கணக்கானோர் அனுப்பித் தள்ளினார்கள். அதில் நம்ம ஊர்ப் பையன்கள் பங்கு கொஞ்சமில்லை. இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கிற பொய்யான பக் புகார்கள் வேறு. இணையத்தில் தகவலை எடுக்கவும் அனுப்பவும் உதவுகிற கர்ல் கருவியைப் பார்த்துக்கொள்ளும் டேனியல் ஸ்டென்பெர்க் அதோடு போராடிச் சலித்து, கோளாறு கண்டுபிடித்தால் பணம் என்ற திட்டத்தையே நிறுத்திவிட்டார். இந்தக் கும்பலுக்கு நடுவில்தான் உன்னுடையதும் போய் நின்றிருக்கிறது.

அருணிடமும் சொல். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு காட்ட வேண்டும் என்று காலேஜில் சொல்கிறார்களாமே. எழுத்துப் பிழை திருத்திக் கணக்கு ஏற்றாமல், ஏதாவது ஒரு ப்ராஜெக்டில் மற்றவர்கள் எழுதிய பக் புகார்களைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, வருகிறது, வரவில்லை என்று பதில் எழுதச் சொல். அந்த வேலைக்குத்தான் எங்கேயும் ஆள் இல்லை.

உன் பேட்சில் பக்கைச் சரிசெய்கிற பகுதியை மட்டும் தனியே எடுத்து மறுபடி அனுப்பு. முப்பது வரி தேறினால் அதிகம். மற்றதை உன் ஃபோர்க்கிலேயே (நீ தனியாக வைத்திருக்கும் பிரதியிலேயே) வைத்துக்கொள், லைசென்ஸ் இடம் தருகிறது. கோலிவாஸும் 2009இல் புதிய ஷெட்யூலரோடு திரும்பி வந்து, கெர்னலில் சேருங்கள் என்று யாரையும் கேட்காமல் 2021 வரை வெளியிலேயேதான் கொடுத்துவந்தார். பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பையும் எடுத்து வா, ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

அன்புடன்,
பாஸ்கர்