டிரான்ஸ்ஃபர் ஃபீஸை மட்டும் பாத்து லேயர் டூ-வை எடை போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எதீரியம்ங்கிற பிளாக்செயின் (ஈத்தர்ங்கிற கிரிப்டோ காசு ஓடுற பொதுக் கணக்குப் புத்தகம்) மேல, ஃபீஸைக் குறைக்க ஓடுற லேயர் டூ நெட்வொர்க்குகளை ஒப்பிட்டு ஒரு டேபிள் போட்டிருந்தீங்க. ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ், இசட்கே சிங்க்னு வரிசையா பேரு, பக்கத்துல ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்கு எவ்ளோ ஃபீஸ், செகண்டுக்கு எத்தனை டிரான்ஸாக்‌ஷன், அவ்ளோதான். பாக்க பளிச்னு இருக்கு, ஆனா அதை நம்பி காசை நகர்த்துறவங்க கையைச் சுட்டுக்குவாங்க.

முதல்ல எந்த மாதிரி டிரான்ஸாக்‌ஷன்னே போடல. எதீரியத்துல வாலட் டு வாலட் ஈத்தர் அனுப்ப 21,000 கேஸ் (வேலைக்கு ஏத்த மாதிரி ஃபீஸை அளக்குற யூனிட்) போதும், ஒரு டோக்கனைக் குடுத்து இன்னொண்ணு வாங்குற ஸ்வாப்புன்னா பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டிடும், லேயர் டூ-லயும் அனுப்புறதும் ஸ்வாப்பும் ஒரே செலவு கிடையாது. எந்த தேதின்னும் இல்ல. 2024 மார்ச் 13 எதீரியத்தோட டென்குன் அப்கிரேடுக்கு அப்புறம் ரோலப்புகள் (நிறைய பரிமாற்றத்தை ஒண்ணா மூட்டை கட்டி எதீரியத்துல ஏத்துற இந்த லேயர் டூ-க்கள்) டேட்டாவை சுமார் 18 நாள்ல கழிஞ்சு போற பிளாப்ங்கிற மலிவான தற்காலிக இடத்துல போட ஆரம்பிச்சதாலதான் ஃபீஸ் இப்படி தரைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி எடுத்த நம்பரை இப்போ போட்டா அர்த்தமே இல்ல. பிளாப்புக்கும் தனி மார்க்கெட் இருக்கு, கூட்டம் கூடினா பிளாக்குக்கு பிளாக் ரேட் ஏறும்.

அதைவிட பெரிய ஓட்டை, வெளிய வர்ற செலவு. ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் மாதிரி ஆப்டிமிஸ்டிக் ரோலப்ல (எல்லாம் சரின்னு எடுத்துக்கிட்டு, தப்புன்னா சேலஞ்ச் பண்ண டைம் குடுக்குற வகை) காசை நகர்த்துற அவங்க சொந்த பிரிட்ஜ் வழியா எதீரியத்துக்குத் திரும்பினா கிட்டத்தட்ட 7 நாள் காத்திருக்கணும், கடைசில கிளெய்ம் பண்றதுக்கு எதீரியத்துலயே கேஸும் கட்டணும், அவசரம்னா வேற பிரிட்ஜ்காரங்க கமிஷன் வாங்கிட்டு சீக்கிரம் விடுவாங்க. இசட்கே சிங்க் மாதிரி இசட்கே ரோலப்ல இந்த சேலஞ்ச் வாரம் கிடையாது, கணக்கு சரின்னு காட்டுற ப்ரூஃப் வெரிஃபை ஆகணும். உங்க டேபிள்ல இதுக்கு தனியா ஒரு வரிசைகூட இல்லையே, உள்ள போற டிக்கெட்டை மட்டும் எழுதிட்டு திரும்பி வர்ற டிக்கெட்டை விட்ட மாதிரிதான்.

ஸ்பீடும் அப்படித்தான். ஆர்பிட்ரம்ல கால் செகண்டுல பிளாக் வருதுன்னா அது சீக்வென்சர் (வர்றதை வரிசைப்படுத்துற கம்ப்யூட்டர்) குடுக்குற வாக்கு, அந்த மூட்டை எதீரியத்துல ஏறி, இனி மாத்த முடியாதபடி ஃபைனல் ஆக அதுக்கு மேல இன்னும் 13 நிமிஷம் மாதிரி ஆகும். அந்த சீக்வென்சரும் பெரும்பாலான நெட்வொர்க்ல ஒரே கம்பெனி கையிலதான். 2023 டிசம்பர்ல இன்ஸ்க்ரிப்ஷன் (செயின்ல டேட்டாவைப் பொறிச்சு டோக்கன் மாதிரி விக்கிறது) மோகத்துல டிராஃபிக் எகிறி ஆர்பிட்ரம் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னுச்சு, அன்னைக்கு டிபிஎஸ் (செகண்டுக்கு எத்தனைங்கிற அந்த) நம்பரை வச்சு யாரு என்ன பண்ண முடியும்? (செகண்டுக்கு எத்தனைங்கிற கணக்குல தானா ஓடுற பாட் புரோகிராம்கள் அனுப்புற குப்பையும் சேர்ந்துதான் வரும், அது வேற.)

அடுத்த தடவை போடும்போது ஒரே ஸ்வாப்பை ஒரே மணி நேரத்துல எல்லா நெட்வொர்க்லயும் பண்ணிப் பாத்து, பிரிட்ஜ் உள்ள வெளிய ரெண்டு செலவையும் கூட்டி, எத்தனை தடவை நின்னு போச்சுன்னும் சேர்த்துப் போடுங்க சார். சராசரி வேண்டாம், மீடியன் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற நம்பர்) போடுங்க, நாலு பெரிய டிரான்ஸாக்‌ஷன் வந்தாலே சராசரி எங்கயோ போயிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்