கல்லுக்குத் தண்ணீர் விட்ட அக்காவுக்கு

மரக்காணம் வேலையில் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நாங்கள் வடிவமைத்த ரிசார்ட் வேலை பாதியில் நின்றுவிட்டது, இனி வராது. கணக்கு வழக்கெல்லாம் ஒருவழியாக முடிந்த நிம்மதியில் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, காவலுக்கு இருந்த அக்காவுக்கு. வேலை நின்ற அன்று, மாதிரி வில்லாவுக்கு அடித்த, சிமெண்ட் கலந்த மண்ணை மெஷினில் அழுத்திச் செய்த 3,200 மண்கற்கள் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் ஈரமாகக் கிடந்தன. 240 × 240 × 90 மில்லிமீட்டர், 5 சதவீதம் சிமெண்ட். கல்லொன்று 10 கிலோ என்றால் அரைக் கிலோ சிமெண்ட். மொத்தம் 32 மூட்டை. சூளையில் வேகாத கல் இது, கியூரிங்தான், அதாவது ஈரம் காயாமல் வைத்து இறுக விடுவதுதான், இதற்குச் சூளை. அடித்து முதல் இரண்டு நாள் காற்றுப் புகாமல் மூட வேண்டும், பிறகு நான்கு வாரம் ஈரம் காயக் கூடாது. காய்ந்தால் சிமெண்ட் இறுகுவது பாதியிலேயே நின்றுவிடும். கல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும்; மழை பட்டதும் விளிம்பு மாவாக உதிரும். அப்போதோ கத்திரி வெயில், ஆட்களும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அக்காவுக்குச் சம்பளம் கேட்டைப் பார்த்துக்கொள்ளத்தான். தண்ணீர் விடும்படி யாரும் சொல்லவில்லை, அந்தக் கல்லை யாராவது கட்டுவார்களா என்பதும் தெரியாது. ஆனாலும் நான்கு வாரமும் விட்டிருக்கிறார். ஓஸ் பைப்பை நேராகப் பிடித்தால் இளங்கல்லின் முகம் அரித்துவிடும். அவர் சாக்குப் போட்டு, அதன்மேல் பூவாளியால் தெளித்திருக்கிறார். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தால் அடுக்கின் கிழக்கு முகமும் மூலைகளும்தான் முதலில் வெளுக்கும். அங்கே மட்டும் சாக்கு இரட்டை மடிப்பு, பறக்காமலிருக்க மேலே தென்னை மட்டை.

எல்லாவற்றையும்விட, போர் தண்ணீரை அவர் தொடவே இல்லை. அது உப்பளத்து ஊர். அந்தத் தண்ணீரை விட்டிருந்தால் கல்லுக்குள் உப்பு இறங்கி, காயும்போது வெளியே பூத்து, முகத்தைச் செதில் செதிலாகத் தள்ளியிருக்கும். காலையில் தெருக்குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “சிமெண்டு போட்டிருக்கீங்கல்ல சார், தண்ணி கேக்கும்” என்றார்.

சில கற்களை ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டுச் சாவியால் கீறிப் பார்த்தோம். கோடு விழுந்தது, மண் வரவில்லை. அந்த அடுக்கிலிருந்த கற்களெல்லாம் இப்போது பக்கத்துக் குப்பத்தில் வலை பின்னும் கொட்டகைக்குச் சுவராகின்றன. சதுர மீட்டருக்கு 40 கல் வீதம், உடைசல் போக, 80 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறையும். கீழிருந்து உப்பீரம் ஏறாதபடி பேஸ்மட்டம் கருங்கல்லில்.

வரைபடம் வருமுன்பே அலை எதுவரை ஏறும் என்று நடந்து காட்டிய மீனவப் பெரியவர்கள், ஃபீஸை நினைவூட்டாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், வாடகை கேட்காமல் கல் அடிக்கும் மெஷினை எடுத்துப்போனவர், எங்கள் அலுவலகப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்த இரண்டு அலுவலகங்கள், ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துச் சொன்ன வக்கீல்: உங்களை ஒரே வரியில் அடக்குவது நியாயமில்லைதான். நேரில் வந்து சொல்கிறோம்.

அந்த ரிசார்ட்டின் பசுமை அறிக்கையில் சோலார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன (வில்லாவுக்கொரு நீச்சல்குளமும் இருந்தது, அது வேறு கதை). கியூரிங் மட்டும் எஸ்டிமேட்டில் தனி வரியாக இல்லை. கல் விலைக்குள் அடக்கம் என்று எழுதுவதுதான் தொழிலில் வழக்கம். அப்படி எழுதினால் அது யாருடைய வேலையும் இல்லை என்றாகிவிடுகிறது. இனி எங்கள் எஸ்டிமேட்டில் அது தனி ஐட்டம்: ஓர் ஆள், 28 நாள் கூலி, நல்ல தண்ணீர், சாக்கு. அந்தக் கணக்கிலேயே அக்காவுக்கும் கூலி போட்டோம். வேண்டாம் என்றார். மஸ்டர் ரோலில் (கூலிப் பதிவேட்டில்) கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டோம்.

நன்றியுடன்,
அலுவலகத்தார்