பாங்காக்கில் கடைசி நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்கிழக்கு ஆசியச் சுற்றுலாவின் கடைசி நாளில், பாங்காக்கில் ஏழெட்டு இடங்களைத் திணிப்பதை ஏற்பாட்டாளர்கள் நிறுத்த வேண்டும். பயணிகளின் கால்கள் அதற்குள் ஓய்ந்துபோயிருக்கும். ஆற்றையொட்டிய மூன்று இடங்களே போதும்.

பெட்டிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு, காலை 8.30க்கு கிராண்ட் பேலஸ் எனும் அரண்மனை திறக்கும்போதே உள்ளே போய்விடுவது நல்லது. பிறகு வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பயண முடிவில் துவைத்த துணி தீர்ந்து, அரைக்கால் சட்டையோடு வந்தால் வாசலிலேயே தடுத்துவிடுவார்கள்; அதற்கென ஒரு உடையைத் தனியே எடுத்து வையுங்கள். "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று சொல்லி மலிவாக டுக்-டுக் ஆட்டோவில் அழைப்பவரை நம்பவே கூடாது. ரத்தினக் கடையில்தான் கொண்டுபோய் இறக்குவார். அடுத்து நடந்தே போகலாம் வாட் போ கோயிலுக்கு. அங்கே 46 மீட்டர் நீளச் சயன புத்தர். தா தியன் துறையில் படகேறி அக்கரை போனால் வாட் அருண் கோயில்.

மாலையில் டாக்சியை நம்பி விமான நிலையம் கிளம்புவது ஆபத்து. நெரிசலில் மணிக்கணக்கில் நிற்க நேரும். பயா தாய் நிலையத்திலிருந்து சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். டான் முவாங் விமான நிலையம் வேறு திசையில் இருக்கிறது. டிக்கெட்டில் எது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்