கறிவேப்பிலைத் தொட்டியை எடுத்தீர்கள், ஈயச் சட்டியை?

எங்கள் வட்டார நகர மன்ற அதிகாரிகளுக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டுக்காரர் பொதுத் தாழ்வாரத்தில் ஈயம் உருக்கும் விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. அதை நிறுத்தச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். இது நான்காவது, ஊரும் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

போன ஞாயிறு காலை நல்ல மழை. டயர் கடையில் கழித்துப்போட்ட ஈயத் துண்டுகளை வழக்கம்போல் கேஸ் அடுப்பில் உருக்கி, கேக் தட்டில் கட்டி கட்டியாக ஊற்றிக்கொண்டிருந்தார். தூண்டில் குண்டு வார்க்கத்தான். நனைந்த துண்டு ஒன்று சட்டிக்குள் விழுந்திருக்கிறது. ஈயம் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் அகப்பட்ட தண்ணீர் நொடியில் ஆவியாகி, சட்டியிலிருந்ததை வாரி இறைத்துவிட்டது. என் வீட்டுக் கம்பிக் கதவில் இன்னமும் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கிறது. அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் என் 14 மாதப் பேத்தி நிற்கப் பழகுகிறாள். அன்று பால் குடிக்க உள்ளே போயிருந்தாள், அவ்வளவுதான்.

தெறித்ததையாவது கண்ணால் பார்க்கலாம். மேலே மிதக்கும் கசடை வழித்து ஓரமாகக் கொட்டுகிறாரே, அந்தச் சாம்பல் நிறத் தூள்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. காற்றில் வருகிறது, செருப்பில் ஒட்டி வருகிறது. குழந்தையோ தரையில் வைத்த கையை அப்படியே வாயில் வைக்கிறாள். துடைப்பத்தால் கூட்டினால் இன்னும் பறக்கும் என்று தினமும் இரண்டு வேளை ஈரத்துணியால் துடைக்கிறேன். என் முழங்காலைப் பற்றி எழுதினால் மடல் நீளும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

உங்கள் அலுவலர் தொலைபேசியில், "அந்தக் காலத்தில் ஈயச் சொம்பில் ரசம் வைக்கவில்லையாம்மா?" என்றார். ரசச் சொம்பு வெள்ளீயம், தம்பி. இது காரீயம், விஷம். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது என்பார்களே, அன்றுதான் புரிந்தது.

பெட்ரோலிலிருந்தே 1998இல் ஈயத்தை விரட்டிய நாடு நம் சிங்கப்பூர். 1.2 மீட்டர் வழியை மறைக்கிறது என்று என் கறிவேப்பிலைத் தொட்டியை ஒரே வாரத்தில் எடுக்கவைத்தவர்கள் நீங்கள். ஓர் அடுப்பை எடுக்க ஐந்து மாதமா? ரசத்தில் போடுவதுதான் அதிக ஆபத்து போலிருக்கிறது.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அவர் கெட்டவர் அல்லர். பிடிக்கும் மீனில் பாதி எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நான் சொன்னால் "சரிக்கா" என்பார், அடுத்த ஞாயிறும் பற்றவைப்பார். நீங்கள் சொன்னால் கேட்பார். தயவுசெய்து தாழ்வாரத்தில் ஈயம் உருக்குவதை நிறுத்துங்கள். படிந்த தூளை முறையாகத் துடைத்தெடுக்கவும் ஆள் அனுப்புங்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அடுப்பு பற்றும். வருபவர் நின்று பார்க்க, தொட்டி இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆறாவது மாடிப் பாட்டி