பசி குறையலாம், புரதம் குறையக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'வயசாகிவிட்டது, கொஞ்சம் சாப்பிட்டால் போதும்' என்று வீட்டுப் பெரியவர்களைப் பற்றி நாம் சொல்வது பாதிதான் சரி. நடமாட்டம் குறைவதால் கலோரித் தேவை குறைகிறது. புரதத் தேவையோ கூடுகிறது. வயதுவந்தவர்களுக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது கணக்கு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள் முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள். (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.) அது கிடைக்காமல் போனால் தசை கரைகிறது. நாற்காலியிலிருந்து எழவே கைப்பிடி தேடுகிறார்கள், அப்புறம் ஒருநாள் விழுகிறார்கள். நாமோ 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடுகிறோம்.

தாக உணர்வும் மங்கிவிடும். கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நாமே தண்ணீரை நீட்ட வேண்டும். உணவிலுள்ள வைட்டமின் பி12-ஐ உறிஞ்சும் திறனும் பலருக்குக் குறைகிறது. மறதிக்கும் கால் மரத்துப்போவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம்.

எனக்குப் பெரிய கவலை பல்தான். மெல்ல முடியாமல், வெறும் மாவுச்சத்து உணவிலேயே நாளை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஏற்ற மென்மையான, புரதம் நிறைந்த உணவுகளைப் பற்றி உங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்