சாவியைக் கேட்பதற்கு முன்: எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நம்பிக்கையாளர் சபைத் தலைவருக்கும் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.

கணவரை இழந்த பெண் காத்திருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் பள்ளி வீட்டைக் காலி செய்து தரும்படி, நம் பள்ளி இமாமாக இருந்து மறைந்த ஹஸரத்தின் மனைவிக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தை வாசித்தேன். மரியாதையான கடிதம்தான். நான்கு மாதமும் பத்து நாளும் பொறுத்ததை நினைவூட்டியிருக்கிறீர்கள், மர்ஹூமுக்காக துஆவும் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் மாமி என்று கூப்பிடும் அவர் பிள்ளையோடு எங்கே போவார் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஜமாஅத் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. அதனால்தான் மடல். சபையில் இருப்பவர்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஹஸரத்திடம் குர்ஆன் ஓதியவர்கள். அவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கடிதத்தைப் பார்த்த பிறகு, சொல்லித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

ஹஸரத் மன்னார்க்காரர். 1990 அக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கடல் வழியாகக் கல்பிட்டியில் வந்திறங்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. புத்தளத்தில் அகதி முகாமுக்குள் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை நம் ஊர் வியாபாரி ஒருவர்தான் 1994 இல் இங்கே கூட்டி வந்தார். கடற்கரையில் பிறந்தவருக்கு மலைக்குளிர் பழக நாளெடுத்தது. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு ஹவுள் தொட்டியில் கைகால் கழுவி வுளூச் செய்யும்போது பல் கிட்டிப்போய் நிய்யத்தே வாயில் வராமல் நின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்புறம் இந்த மண்ணையும் பழகிக்கொண்டார். பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த சரிவில் போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் போட்டார். மிஞ்சியது பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கும் போகும்.

அவருக்கு முந்திய காலத்தில் ஓதப் பள்ளி என்றால் பிரம்புதான். "தோல் உங்களுக்கு, எலும்பு எங்களுக்கு" என்று சொல்லித்தான் வாப்பாமார் பிள்ளையை விட்டுப் போவார்கள். பழைய ஹஸரத் விட்டுப்போன இரண்டு பிரம்புகளை இவர் போஞ்சிக் கொடிக்கு ஊன்றினார். நாக்குத் திரும்பாத பிள்ளைகளை மற்றவர்கள் முன்னால் நிறுத்த மாட்டார். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, இஞ்சித் தேநீர் கொடுத்து, 'ளாத்' என்ற அரபு எழுத்து வாயில் வரும்வரை கூடவே இருப்பார். அப்படிக் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவைத் தாண்டவே மாதக்கணக்கில் தவித்த ஒரு பையன் இன்று மூன்று லொறிக்குச் சொந்தக்காரர், உங்கள் சபையிலும் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை, நானா, கோபிக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளை வயதுக்கு வந்ததும் ஓதப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்துவது அன்று ஊர் வழக்கம். ஹஸரத் அதற்காக யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. மாமியை உட்கார வைத்து, தஜ்வீத் என்ற ஓதும் உச்சரிப்பு முறையைத் திருத்திக் கொடுத்து, வீட்டுப் பின்னறையில் எங்களுக்கு ஒரு வகுப்பைத் தொடங்கிவிட்டார். நான் குர்ஆனை முடித்தது அந்த அறையில்தான். என் மகளும் அங்கேதான் ஓதினாள். மாமி பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டே எங்கள் ஓதலைக் கேட்பார். பிழை வந்தால் தையல் மெஷின் நின்றுவிடும். பள்ளிக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், இந்த வகுப்புக்கென்று ஒரு சதம் எழுதியிருக்காது. ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆசிரியர்களை வைத்திருந்திருக்கிறோம்.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் அதற்காகவே அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. தேங்காய் திருவுவார், உடுப்புக் காயப்போடுவார், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சின்ன மகனைத் தோளில் வைத்துக்கொண்டு போவார். ஒரு முறை கடைவாசலில் யாரோ சீண்டியதற்கு, நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகியிடம் கேட்கப்பட்ட கேள்வியை அவர் எடுத்துச் சொன்னாராம். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, வீட்டாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து போவார்கள் என்றுதான் ஆயிஷா நாயகி பதில் சொன்னார். இரண்டு மகள்மாரையும் உயர்தரம் வரை படிப்பித்தார். மூத்தவர் கல்வியியற் கல்லூரி முடித்து இன்று என்னைப்போல் ஆசிரியை. இருவரும் கல்யாணம் முடித்துத் தூரத்தில் இருக்கிறார்கள். கூட இருக்கும் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிறான்.

இனிச் சம்பளம். கடைசியில் அவர் வாங்கியது 25,000 ரூபா. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியில் 30,000 ஆனது. வீடு இலவசம்தானே, நோன்புக்கு அன்பளிப்புக் கொடுத்தோமே என்பீர்கள். சரி. சந்தா வராத மாதங்களில் அந்த 25,000 உம் இரண்டு தவணையாக வந்தது உங்களுக்கும் தெரியும். கூலியாளின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீஸை அவர் ஏன் ஒரு வெள்ளிக்கிழமைக் குத்பாப் பேச்சிலும் எடுக்கவில்லை என்று மாமியிடம் கேட்டேன். தனக்காகப் பேசுவதாக ஊர் நினைத்துவிடும் என்று தவிர்த்தாராம்.

2025 நவம்பரில் டித்வா புயல் மலைகளைச் சரித்த இரவில் பள்ளிக் கதவைத் திறந்து விட்டதும் அவர்தான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. லயத்துச் சனமும் சிங்களக் குடும்பங்களும் நம்மவர்களும் மாடியில் ஒன்றாகப் படுத்தார்கள். புது விரிப்பில் சேறு பட்டதைப் பற்றிப் பிறகு கூட்டத்தில் பேசினீர்கள் என்று கேள்வி. உண்மையாக இருக்காது என்று நம்ப ஆசை. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, ஜனவரியில் அவர் வஃபாத்தானார்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தர்ம நிறுவனத்துக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டாயமில்லை என்று செயலாளர் சொன்னாராம். மறுக்கவில்லை. பணிக்கொடைச் சட்டமும் பதினைந்து பேராவது வேலை செய்தால்தான் பிடிக்கும். ஆனால் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே! அரசாங்கப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கு மாதா மாதம் தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் கழிக்கிறார்கள். நாளைக்கு நான் மௌத்தானால் என் பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று வரும். எனக்கு ஓதிக்கொடுத்தவரின் பிள்ளைக்கு வருவது வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம்.

பணிக்கொடைச் சட்டப்படி, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். 31 வருடத்துக்கு 3,87,500 ரூபா வருகிறது. தரை விரிப்புக்கு நாம் சேர்த்தது இதைவிட அதிகம், அதுவும் இரண்டே ஜும்ஆவில்.

புது இமாமுக்கு வீடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. பள்ளிக் கடைகளுக்கு மேலே உள்ள இரண்டு அறைகளும் அரிசி மூட்டைக்குத்தான் வாடகைக்குப் போயிருக்கின்றன. அதை மாமிக்கு எழுத்தில் கொடுங்கள், மகன் படித்து முடிக்கும்வரையாவது. பெண் பிள்ளைகளின் வகுப்பு அங்கேயே நடக்கட்டும், இம்முறை சம்பளத்தோடு. 3,87,500 இல் பாதியைப் பழைய மாணவிகள் நாங்கள் சேர்த்துத் தருகிறோம். மீதியைப் பள்ளிக் கணக்கிலிருந்து கொடுங்கள், கணக்குப் புத்தகத்தில் ஸதகா, அதாவது தர்மம், என்றல்ல, பணிக்கொடை என்றே எழுதிக் கொடுங்கள். புது இமாமுக்கு நியமனக் கடிதம் எழுதும்போது சம்பளம், லீவு, ஓய்வுக்கால நிதி, அவருக்கு ஏதும் நேர்ந்தால் குடும்பம் எத்தனை மாதம் அந்த வீட்டில் இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளிவாசல்களுக்கும் முஸ்லிம் அறக்கொடைகளுக்குமான 1956 ஆம் ஆண்டின் வக்பு சட்டப்படி பதிந்த பள்ளிக்கு இது பெரிய வேலையல்ல.

செயலாளரிடம் கொடுத்த பிரதியில் என் பெயரும் முகவரியும் இருக்கின்றன. பதிலை என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பாமல் என் பெயருக்கே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்,
ஓதப் பள்ளியின் பழைய மாணவி